காய்ச்சலோடு வேலைக்கு வருபவர் எதற்காக வருகிறார்?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் 600 நிரந்தரத் தொழிலாளர்கள், 250 ஒப்பந்தத் தொழிலாளர்கள். வெளியூர்க்காரர்கள் 180 பேர் எங்கள் விடுதியிலேயே தங்குகிறார்கள். கோவிட் காலத்தில் விடுதி வாசலை ஐந்து வாரம் பூட்டி வைத்தோம். ஒப்பந்தத் தொழிலாளர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒப்பந்ததாரர் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாரா என்று கேட்கவில்லை. இப்போது அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டத்தை எழுதும் பொறுப்பு மனிதவளத் துறையில் இருக்கும் எனக்கு வந்திருக்கிறது. மனித உரிமை பற்றி ஒரு பகுதி வேண்டும் என்றேன். “அது அரசாங்கத்தின் வேலை, அரசு உத்தரவைப் பின்பற்றினால் போதும்” என்கிறார் நிதி இயக்குநர். அவர் சொல்வது சரியா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிதி இயக்குநர் சொல்வதில் பாதி சரி. மக்களின் உரிமையைப் பாதுகாக்கும் கடமை அரசுடையதுதான். ஆனால் அந்த உரிமையை மதித்து நடக்கும் பொறுப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக உண்டு. 2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஒருமனதாக ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகள் 31. பேராசிரியர் ஜான் ரகி வகுத்தவை. அரசு தன் கடமையைச் செய்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து நிறுவனத்தின் பொறுப்பு கூடுவதோ குறைவதோ இல்லை என்பதை அவை தெளிவாகச் சொல்கின்றன. நெருக்கடி நேரத்தில் சில உரிமைகளைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்த, குடிமை அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு அரசுகளுக்கு இடம் கொடுக்கிறது. நிறுவனங்களுக்கு அப்படி ஒரு பிரிவு எங்கும் கிடையாது.

இந்த நெறிகள் தம்மளவில் சட்டம் இல்லை, உண்மைதான். ஆனால் இவற்றை அடியொற்றி பிரான்ஸ் 2017இலும் ஜெர்மனி 2021இலும் சட்டம் இயற்றின. அப்படிப்பட்ட நாட்டின் கொள்முதல் நிறுவனத்துக்கு நீங்கள் சரக்கு அனுப்பினால், இதே கேள்விகள் ஒருநாள் படிவமாக உங்கள் மேசைக்கு வரும். நிதி இயக்குநரிடம் இதைச் சொல்லுங்கள். பேச்சு தொடங்க அது உதவும்.

இனி, எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலான திட்டங்கள் முகக்கவசம், கிருமிநாசினி, வெப்பமானி என்று கொள்முதல் பட்டியலாகத் தொடங்குகின்றன. நீங்கள் சம்பளப் பட்டியலில் தொடங்குங்கள். காய்ச்சலோடு ஒருவர் வாசலுக்கு வருகிறார் என்றால், அவருக்கு விவரம் தெரியாததால் வருகிறார் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போகும். மாதம் முழுக்க வந்தால்தான் கிடைக்கும் வருகை ஊக்கத்தொகையும் போகும். அதனால் ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு வருகிறார். வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி அவரைக் காட்டிக்கொடுக்காது. மாத்திரை சூட்டைக் குறைத்திருக்கும். கோவிடைப் பொறுத்தவரை, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது. வெப்பமானிக்குச் செலவிட்டுவிட்டு நோய்க்கால ஊதியம் கொடுக்க மறுத்த நிறுவனம், தொற்றை உள்ளே அழைத்துவிட்டு வாசலில் காவல் போட்டது போலத்தான்.

செலவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உங்களிடம் 850 பேர். ஒரு அலையில் பத்தில் ஒருவர் நோயுறுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: 85 பேர். ஒவ்வொருவரும் 10 வேலைநாள் தனித்திருந்தால் மொத்தம் 850 ஆள்நாள். அதாவது எல்லோருக்கும் ஒரு நாள் கூலி. மாதத்துக்கு 25 வேலைநாள் என்றால் அந்த மாதக் கூலிச் செலவில் 4 சதவீதம். ஒரு பிரிவு மூன்று நாள் மூடிக் கிடந்தால் ஆகும் இழப்பைப் பக்கத்திலேயே எழுதுங்கள். நோய் வீதம் இரண்டு மடங்கானாலும் மூன்று மடங்கானாலும் என்ன ஆகும் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்துவிட்டால், நிதித் துறை கேட்கும் அடுத்த கேள்விக்கும் பதில் கையில் இருக்கும்.

திட்டத்தில் எழுத வேண்டிய வாசகம் இதுதான்: தொற்று அறிவிக்கப்பட்ட நாள் முதல், அறிகுறி உள்ளவரும் அவரோடு நெருங்கிப் பழகியவரும் தனித்திருக்கும் நாட்களுக்கு முழுக் கூலி உண்டு; அந்த நாட்கள் வருகை ஊக்கத்தொகையிலோ ஆண்டு விடுப்பிலோ கழியாது; முதல் மூன்று நாட்களுக்கு மருத்துவச் சான்று தேவையில்லை. கடைசிப் பகுதியில் மேலாளர்கள் தயங்குவார்கள், ஏமாற்றிவிடுவார்கள் என்று. சிலர் ஏமாற்றுவார்கள்தான். ஆனால் சான்றுக்காக ஒரு நோயாளியை நெரிசலான மருத்துவமனை வரிசையில் நிற்க வைப்பதால் வரும் கேடு அதைவிடப் பெரிது. இந்த வாசகம் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தே பேசுகிறது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் இல்லை என்றே அர்த்தமாகும்.

யாரெல்லாம் உங்கள் பொறுப்பில் வருகிறார்கள் என்று அறிய ஊழியர் பட்டியலைப் பார்க்காதீர்கள். வாயிற்காவலரின் பதிவேட்டை எடுங்கள். ஒரு சாதாரண வாரத்தில் உள்ளே வந்த ஒவ்வொருவரையும் எண்ணுங்கள். துப்புரவுப் பணியாளர், கேன்டீன் ஆட்கள், லாரி ஓட்டுநர், சுமை இறக்குபவர், தொழில் பழகுநர், அந்தக் காவலர் எல்லோரும் அதில் இருப்பார்கள். உங்களுக்காக வீட்டில் இருந்து துண்டுக் கூலிக்கு வேலை செய்பவர்கள் இருந்தால், அவர்கள் பதிவேட்டில்கூட இருக்க மாட்டார்கள். சரக்கு ரசீதுகளில் தேடுங்கள். பெருந்தொற்றில் முதலில் வருமானம் இழப்பவர்களும் கடைசியில் தடுப்பூசி கிடைப்பவர்களும் பெரும்பாலும் இந்தப் பட்டியலின் அடிப்பகுதியில் இருப்பவர்கள்தான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதை முதலில் எடுப்பது என்பதற்கு ஐ.நா. நெறிகள் மூன்று அளவுகோல்களைத் தருகின்றன. பாதிப்பு எவ்வளவு கடுமையானது, எத்தனை பேரைத் தொடும், பின்னால் சரிசெய்ய முடியுமா. வழக்கமான இடர் பட்டியலில் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்போம். இங்கே மனிதருக்கு என்ன நஷ்டம் என்று பார்க்க வேண்டும். இந்தத் திருப்பம்தான் கடினம். கூட்டத்தில் யாராவது “இது நம் பெயரைக் கெடுக்கும்” என்று தொடங்கினால், “யாருக்கு என்ன ஆகும்?” என்று நிதானமாகத் திருப்புங்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2020 ஏப்ரலில் நிறுவனங்களுக்கென்றே ஒரு துரித சுயமதிப்பீட்டுப் படிவத்தை வெளியிட்டது. வெற்றுத் தாளில் தொடங்கத் தயக்கம் இருந்தால் அதை வைத்துத் தொடங்கலாம்.

உங்கள் பட்டியலில் முதலிடம் விடுதிக்குத்தான். 2020இல் சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருந்தவர்களில் சுமார் 47 சதவீதம் பேருக்கு ஆண்டு முடிவதற்குள் கோவிட் தொற்றியது. நெருக்கமான படுக்கை, பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை, ஒரே பேருந்து எல்லாம் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். சர்வதேச நிதிக் கழகமும் ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கியும் 2009இல் வெளியிட்ட விடுதி வழிகாட்டி, ஆளுக்கு 4 முதல் 5.5 சதுர மீட்டர் தரைப்பரப்பு, கட்டில்களுக்கிடையே குறைந்தது 1 மீட்டர், சுமார் 15 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற அளவுகளைச் சொல்கிறது. 6 மீட்டருக்கு 5 மீட்டர் அறை என்றால் 5 பேர், மிஞ்சினால் 7 பேர். 180 பேருக்குக் கழிப்பறை 12. இவை சாதாரண நாளுக்கான அளவுகள் என்பதை மறக்க வேண்டாம். பகல் ஷிஃப்ட் ஆள் எழுந்ததும் இரவு ஷிஃப்ட் ஆள் அதே கட்டிலில் படுக்கும் வழக்கம் இருந்தால், தொற்று வருவதற்கு முன்பே அதை நிறுத்துங்கள்.

தனிமை அறைகளை இப்போதே ஒதுக்குங்கள். 180 பேருக்குக் குறைந்தது 8, 10 கட்டில், தனிக் கழிப்பறையோடு. தொற்று வந்தபின் தேடினால் கிடங்கின் மூலைதான் கிடைக்கும். அங்கே அடைக்கப்படுவோம் என்று தெரிந்தால் யாரும் அறிகுறியைச் சொல்ல மாட்டார்கள். அறைக் காற்றை அளக்க கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குங்கள், சிறிய கருவிதான். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். அறையில் 800ஐத் தாண்டாமல் வைத்திருக்கப் பாருங்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டு எட்டுப் பேர் உறங்கும் அறையில் அது 2,000ஐ எளிதாகத் தாண்டும். அளவை விடியற்காலை நான்கு மணிக்கு எடுங்கள். மதியம் ஆளில்லாத அறையில் எடுத்த அளவு எதையும் சொல்லாது. நெருக்கடி நேரத்துக்கு மணிக்கு ஐந்து முறை காற்று மாறும்படி செய்வது நல்ல இலக்கு. எதிர்ச்சுவரில் ஒரு வெளியேற்று விசிறி பொருத்தினாலே பல அறைகளில் பாதிப் பிரச்சினை தீரும். மறுபக்கம், உடலெங்கும் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்க வாயில்களுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மனிதர்மேல் தெளிப்பது எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது.

ஐந்து வாரம் வாசலைப் பூட்டியதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நடமாட்டத்தைத் தடுப்பது, அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது மூன்றுமே சர்வதேச தொழிலாளர் அமைப்பு பட்டியலிடும் 11 கட்டாய உழைப்பு அறிகுறிகளுள் வருபவை. உங்கள் நோக்கம் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். ஆனால் அலுவலக ஊழியர் மாலையில் வீட்டுக்குப் போக, விடுதித் தொழிலாளி மட்டும் தொழிற்சாலைக்கும் கட்டிலுக்கும் இடையே ஐந்து வாரம் அடைபட்டிருந்தால், அதைப் பாதுகாப்பு என்று அவர் நம்ப எந்தக் காரணமும் இல்லை. சுகாதார அதிகாரிகள் தனிமைப்படுத்தும்படி எழுத்தில் உத்தரவிட்டால் பின்பற்றுங்கள். அந்த உத்தரவின் நகலை அவரவர் மொழியில் வாசலில் ஒட்டுங்கள். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட நீங்களாகப் பூட்டக் கூடாது. “வேலையை விட்டு ஊருக்குப் போகிறேன்” என்பவரைத் தடுக்கக் கூடாது; கணக்கை முடித்து, ஆவணத்தைக் கையில் கொடுத்து, பயணத்துக்கு வழி செய்ய வேண்டும்.

நெருக்கடியில் நிறுவனம் பிறப்பிக்கும் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் நான்கு கேள்விகள் போதும். எந்த உத்தரவின் அடிப்படையில்? இதைவிட லேசான வழி இல்லையா? மேலாளருக்கும் இதே விதியா? எந்தத் தேதியில் முடிகிறது? முடியும் தேதி இல்லாத விதிக்கு ஒப்புதல் கையெழுத்து கிடையாது என்று திட்டத்திலேயே எழுதுங்கள். 14 நாள் வையுங்கள். தேவையானால் காரணம் எழுதி நீட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கோவிட் நெருக்கடி நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. தேதி போடாமல் பிறந்த கட்டுப்பாடுகள் அதோடு தாமாக முடிந்துவிடாது. யாராவது நினைவு வைத்திருந்து நீக்கும்வரை கிடக்கும்.

அடுத்தது, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இல் வந்தது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நியாயமாக நம்பி விலகி நிற்கும் தொழிலாளரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 13ஆம் பிரிவு. 2022 ஜூனில் அதை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக உயர்த்தினார்கள். நடைமுறையில் இது ஒரு தாள் சமாச்சாரம். மறுப்பவர் மேற்பார்வையாளரிடம் சொல்கிறார். அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதியும் ஒரு பொறியாளரும் இடத்தைப் பார்த்து எழுத்தில் பதில் தருகிறார்கள். அதுவரை அவருக்கு வேறு வேலை, கூலி குறையாமல். இதில் வழக்கமாகக் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. மறுத்தவரை நகர்த்திவிட்டு, எதுவும் சொல்லாமல் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியை அதே இடத்தில் நிறுத்திவிடுவார்கள். முதல் ஆள் ஏன் விலகினார் என்பதைச் சொல்லாமல் இன்னொருவரை நிறுத்தக் கூடாது என்ற வரி கட்டாயம் வேண்டும்.

உடல்நலத் தகவல்களைக் குறைவாகச் சேகரியுங்கள். “இன்று வேலைக்கு வரலாமா, கூடாதா” என்பது மட்டும் மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் போதும். பரிசோதனை முடிவும் பிற நோய்களும் கருத்தரிப்பும் மருத்துவ அலுவலரோடு நிற்க வேண்டும். நெருங்கிப் பழகியவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும்போது பெயரைச் சொல்லத் தேவையில்லை. “செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஷிஃப்டில் பேக்கிங் பகுதியில் இருந்தவர்கள்” என்றால் போதும். தொற்றுள்ளவரின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஒரு நொடி வேலை. அதன் பிறகு அவருக்கு வாடகை வீடு கிடைப்பதில் தொடங்கி எல்லாமே கெடும். வாசல் பதிவேட்டில் எழுதிய உடல்சூடு, தொலைபேசி எண் போன்றவற்றை 30 நாளில் அழியுங்கள். அழித்ததற்கும் ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

இனி, உங்கள் வாசலுக்கு வெளியே. 2020 மார்ச்சில் பல ஆடை நிறுவனங்கள், தைத்து முடித்த ஆர்டர்களையே ரத்து செய்தன. ஒப்பந்தத்தில் இருந்த ‘தவிர்க்க இயலாத பேரிடர்’ பிரிவைக் காட்டின. சரக்கு கிடங்கில் கிடந்தது, தைத்தவர்களுக்குக் கூலி வரவில்லை. கொள்முதல் செய்பவர் எடுத்த முடிவால் வேறொருவர் ஆலையில் கூலி நின்றால், அந்தப் பாதிப்புக்கு அவரும் பங்களித்தவர் ஆகிறார் என்பதே ஐ.நா. நெறிகளின் வழியில் இதைப் படிக்கும் முறை. நீங்களும் யாரோ ஒருவருக்குக் கொள்முதலாளர். ஆகவே உங்கள் சப்ளையர் ஒப்பந்தங்களில் இப்போதே மாற்றம் செய்யுங்கள். முடிந்த சரக்குக்கு முழுத் தொகை, வேலை நடந்துகொண்டிருக்கும் சரக்குக்கு அதுவரையான செலவும் கூலியும், உங்களுக்கென்றே வாங்கிய மூலப்பொருளுக்கு அதன் விலை. அரசு மூடச் சொன்ன நாட்களுக்குத் தாமத அபராதம் கிடையாது. பேரிடர் பிரிவு இனி வரப்போகும் ஆர்டர்களுக்கே பொருந்தும், முடிந்த வேலைக்குப் பொருந்தாது என்பதை வழக்கறிஞரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள்.

தேவை சரிவது மட்டுமே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அதே ஆண்டில் ரப்பர் கையுறைக்கு உலகமெங்கும் தேவை ஏறியது. மலேசியாவின் பெரிய உற்பத்தியாளர் ஒருவரின் துணை நிறுவனங்கள் செய்த கையுறைகளை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில், 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. நவம்பரில் அதே நிறுவனத்தின் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்றியது. உயிர் காக்கும் பொருளைச் செய்கிறோம் என்பது செய்பவரின் உயிருக்குக் காப்பாகவில்லை. உங்கள் பொருளுக்கு ஆர்டர் இரட்டிப்பானால் வாரத்துக்கு ஒரு முழு ஓய்வு நாளும் மிகைநேர வேலைக்கான உச்சவரம்பும் தளராது என்று முன்கூட்டியே நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆர்டர் கையில் வந்தபின் யாரும் கையெழுத்திட மாட்டார்கள்.

கப்பல் மாலுமிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2020இன் பிற்பகுதியில் சுமார் 4 லட்சம் பேர் பணிக்காலம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க முடியாமல் இருந்தார்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி தொடர்ந்து 12 மாதத்துக்குக் குறைவாகவே ஒருவர் கப்பலில் இருக்கலாம். அவர்கள் ஏற்றி வந்தது உங்களைப் போன்றவர்களின் சரக்குதான். சரக்கு அனுப்பும் நிறுவனம், “மாலுமி மாற்றத்துக்காகக் கப்பல் வேறு துறைமுகம் திரும்பினால் அதற்கு அபராதம் கேட்க மாட்டேன்” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாலே பயன் உண்டு.

ஆட்குறைப்பு பற்றிச் சுருக்கமாக: அதற்கு முன் உயர் பதவிச் சம்பளக் குறைப்பு, பங்குதாரர்களுக்கான லாபப் பங்கை நிறுத்துதல், எல்லோருக்கும் வேலைநேரக் குறைப்பு ஆகியவற்றைக் கடந்தாக வேண்டும் என்று வரிசைப்படுத்துங்கள். கடைசியில் பட்டியல் தயாரானால், அதில் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் தங்கள் விகிதத்துக்கு மேல் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். நெருக்கடியைச் சாக்காக வைத்துப் பழைய கணக்கைத் தீர்ப்பது அங்கேதான் தெரியும்.

புகார் வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் புகார்ப் பெட்டி ஆலைக்குள் இருக்கும். ஆலையை மூடினால் பெட்டியும் மூடிக்கொள்ளும். மனிதவள அதிகாரி வீட்டிலிருந்து வேலை செய்வார், அவர் மேசைத் தொலைபேசி யாருமில்லாமல் ஒலிக்கும். ஒரு கைபேசி எண், தொழிலாளர் பேசும் மொழிகளில் பதில் சொல்ல ஆட்கள், உடல்நலப் புகாருக்கு 24 மணி நேரத்திலும் கூலிப் புகாருக்கு 7 நாளிலும் முதல் பதில் என்று வையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் புகார் ஒப்பந்ததாரர் வழியாக வரக் கூடாது. மூன்று மாதமாக ஒரு புகாரும் இல்லை என்று அறிக்கை வந்தால் மகிழாதீர்கள். விடுதிக்குப் போய்ப் பேசுங்கள். திட்டத்தை எழுதும் குழுவிலேயே விடுதியிலிருந்து இருவரும் ஒப்பந்தத் தொழிலாளரிலிருந்து இருவரும் இருக்கட்டும், அவர்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும். நான் மேலே சொன்னவற்றில் உங்கள் ஆலைக்குப் பொருந்தாதது எது என்று அவர்கள் முதல் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வேலை, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. நிறுவனம் பாதிப்பை உண்டாக்கியிருந்தால், அல்லது அதற்குப் பங்களித்திருந்தால், ஈடு செய்ய வேண்டும் என்கிறது ஐ.நா. நெறிகளில் 22ஆவது. அன்றைய ஒப்பந்ததாரரின் பில்லையும் வாயிற்பதிவேட்டையும் எடுத்து, வர வேண்டாம் என்று சொன்ன அந்த 250 பேரின் பெயரை எழுதுங்கள். எத்தனை நாள், என்ன கூலி, யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறியுங்கள். ஊர் திரும்பியவர்களைத் தேட, உடன் வேலை செய்தவர்களின் கைபேசிகளே போதும். விடுதியில் அடைபட்டிருந்தவர்களில் யாருடைய கூலியிலாவது அந்த ஐந்து வாரத்துக்கான தங்குமிடத் தொகையைப் பிடித்திருந்தால் அதையும் அதே தாளில் சேருங்கள். நிதி இயக்குநரிடம் எடுத்துப் போகும் முதல் காகிதம் அந்தத் தொகையாக இருக்கட்டும், திட்டத்தின் வரைவு இரண்டாவதாக.